யூதரின் பண்டிகைகளும் உபவாச நாட்களும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் லெந்து காலத்து உபவாசத்தைப் பற்றி எழுதியபோது, யூதர் காத்துவந்த நோன்புகளை அறியாமல் நம் நோன்பின் பொருளை முழுமையாக அறிய முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காகப் பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாக்கி, இந்த மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வேதாகமம் கட்டளையிட்ட உபவாச நாட்கள் எத்தனை? எங்கள் சபையில் ஒருவர் ஒன்று என்கிறார், மற்றொருவர் ஐந்து என்கிறார். லூக்கா சுவிசேஷத்திலோ பரிசேயன் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்ததாக வாசிக்கிறோம். எது சரி, ஐயா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி)

பதில்: மூன்றிலும் உண்மை இருக்கிறது. மோசேயின் நியாயப்பிரமாணம் ஆண்டுக்கு ஒரே ஒரு நாளைத்தான் நோன்புக்கென விதித்தது. அது ஏழாம் மாதம் பத்தாந்தேதியாகிய பாவநிவிர்த்தி நாள். யூதர் அதை யோம் கிப்பூர் என்பார்கள். அங்கேயும் 'உபவாசம்' என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். லேவியராகமம் 16, 23 ஆகிய அதிகாரங்கள் 'ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்த வேண்டும்' என்றே சொல்கின்றன. உபவாசத்தால் தன் ஆத்துமாவை உபத்திரவப்படுத்தியதாக 35ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வதைப் போன்ற இடங்களைக் கொண்டு, தாழ்மைப்படுத்துதல் என்பது உண்ணாமலும் பருகாமலும் இருப்பதே என்று முன்னோர் பொருள் கொண்டார்கள். அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில், உபவாச நாளும் கழிந்து போனபடியினால் கப்பல் யாத்திரை ஆபத்தானது என்று வருகிறதே, அந்த உபவாச நாளும் இதுதான். அடைமொழி ஏதுமின்றி 'உபவாச நாள்' என்றால் எல்லாருக்கும் விளங்கும் அளவுக்கு அது தனித்து நின்றது.

அந்த நாளின் மையத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் நின்றன. சீட்டுப் போட்டு ஒன்றைக் கர்த்தருக்குப் பலியிட்டார்கள். மற்றொன்றின் தலைமேல் பிரதான ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடச் செய்தான். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதற்குப் 'போக்காடு' என்று பெயர். பாவத்தைச் சுமந்துகொண்டு போய், மீண்டும் ஊருக்குள் திரும்பாத ஆடு என்ற முழுப் பொருளையும் ஒரே சொல்லில் அடக்கிய அந்த மொழிபெயர்ப்பாளரை நான் நன்றியோடு நினைக்கிறேன். எருசலேம் தேவாலயம் கி.பி. 70இல் அழிந்தபின் பலியும் இல்லை, போக்காடும் இல்லை. ஆகவே இன்று அந்த நாளின் பகற்பொழுது ஜெப ஆலயத்தில் ஜெபத்திலேயே கழிகிறது. காலையில் ஏசாயா 58ஆம் அதிகாரப் பகுதியும், பிற்பகலில் யோனாவின் புத்தகம் முழுவதும் வாசிக்கப்படுகின்றன. நினிவேயில் மனிதரோடு மிருகங்களும் உண்ணாமல் இருந்ததை யோனா சொல்கிறது. ஆனால் தேவன் மனமிரங்கியது அவர்கள் தங்கள் பொல்லாத வழியை விட்டுத் திரும்பியதைக் கண்டுதான் என்று அதே வசனங்கள் தெளிவாக்குகின்றன.

ஐந்து என்று சொன்னவர் சகரியாவை வாசித்தவராக இருக்க வேண்டும். சகரியா 8:19இல் நாலாம், ஐந்தாம், ஏழாம், பத்தாம் மாதங்களின் உபவாசங்கள் குறிப்பிடப்படுகின்றன. இவற்றைக் கர்த்தர் கட்டளையிட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. எருசலேம் இடிந்த துக்கத்தில் ஜனங்கள் தாமே ஏற்படுத்திக்கொண்டவை. பத்தாம் மாதம் பத்தாந்தேதி பாபிலோன் ராஜா நகரத்தை முற்றுகையிடத் தொடங்கினான். நாலாம் மாதத்தில் மதில் உடைந்தது. ஐந்தாம் மாதத்தில் ஆலயம் எரிந்தது. ஏழாம் மாதத்தில், மீதியான ஜனத்துக்கு அதிபதியாக வைக்கப்பட்ட கெதலியாவை, மிஸ்பாவில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தபோதே, ராஜவம்சத்தானாகிய இஸ்மவேல் வெட்டிக் கொன்றான். வரிசையாகப் பார்த்தால் ஒரு நகரத்தின் மரணம் முற்றுகையிலிருந்து கடைசி நம்பிக்கை வரை நாள் குறித்து நினைவுகூரப்படுகிறது. யோம் கிப்பூரும் ஆலயம் எரிந்த நாளின் நோன்பும் மாலை தொடங்கி மறுநாள் இரவு வரை நீள்பவை. மற்ற மூன்றும் விடியலிலிருந்து இரவு வரை மட்டுமே.

இந்த நான்கைப் பற்றி ஒரு கேள்வி வேதத்திலேயே கேட்கப்பட்டிருக்கிறது. தரியு ராஜாவின் நாலாம் வருஷத்தில், அதாவது கி.மு. 518இல், ஆலயம் மீண்டும் கட்டப்பட்டுக்கொண்டிருந்த சமயத்தில், இன்னும் நாங்கள் ஐந்தாம் மாதத்தில் அழுதுகொண்டிருக்க வேண்டுமா என்று சிலர் வந்து கேட்டார்கள். அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரவில்லை. எழுபது வருஷமாக உபவாசித்தீர்களே, 'எனக்கென்றுதானா உபவாசம்பண்ணினீர்கள்' என்ற எதிர்க்கேள்வியே வந்தது. அதைத் தொடர்ந்து, விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் பரதேசியையும் சிறுமையானவனையும் ஒடுக்காதிருங்கள் என்ற சொல் வந்தது. நோன்பைப் பற்றி எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் இந்தப் பகுதியைத்தான் நான் முதலில் வாசிக்கிறேன்.

எஸ்தரின் உபவாசம் இவற்றுக்குப் பின்னர் சேர்ந்தது. பரிசேயனின் வாரம் இருமுறை நோன்பு தனிமனிதப் பக்தி; அதற்குக் கட்டளை இல்லை.

கேள்வி: 2 இராஜாக்கள் 25இல் ஐந்தாம் மாதம் ஏழாந்தேதி என்றும், எரேமியா 52இல் பத்தாந்தேதி என்றும் இருக்கிறது. யூதரோ ஒன்பதாந்தேதி துக்கம் அனுசரிக்கிறார்கள். வேதத்தில் இல்லாத தேதி எப்படி வந்தது?
(இறையியல் மாணவர், வேலூர்)

பதில்: கூர்ந்து வாசித்திருக்கிறீர்கள், தம்பி. யூதரின் விதிகளையும் விவாதங்களையும் தொகுத்த நூலாகிய தல்மூத்தில் பேசும் ஆசிரியர்களும் இதே முரணைக் கண்டு, மறைக்காமல் விவாதித்தார்கள். அந்நியர் ஏழாந்தேதி ஆலயத்துக்குள் நுழைந்து, அங்கேயே உண்டு அதைத் தீட்டுப்படுத்தி, ஒன்பதாந்தேதி பொழுது சாயும் நேரத்தில் தீ வைத்தார்கள், அது பத்தாந்தேதி முழுவதும் எரிந்தது என்பது அவர்கள் தந்த விளக்கம். அவர்களுள் ஒருவரான ரபி யோகனான், தாம் அந்தத் தலைமுறையில் இருந்திருந்தால் ஆலயத்தின் பெரும்பகுதி எரிந்த பத்தாந்தேதியையே நோன்பு நாளாக வைத்திருப்பேன் என்றார். மற்றவர்களோ கேட்டின் தொடக்கமே கொடியது என்று ஒன்பதை நிலைநிறுத்தினார்கள். கி.பி. 70இல் ரோமர் இரண்டாம் ஆலயத்தை எரித்ததும், வனாந்தரத்தில் வேவுகாரர் சொல் கேட்டு அழுத தலைமுறை கானானுக்குள் பிரவேசிப்பதில்லை என்று தீர்ப்புப் பெற்றதும் அதே நாளில்தான் என்று, யூதரின் வாய்மொழி விதிகளின் பழைய தொகுப்பாகிய மிஷ்னா சேர்த்து எண்ணுகிறது. ஒரு ஜனத்தின் எல்லா ஒப்பாரியும் ஒரே நாளில் வந்து தங்கிவிட்டது.

அன்றிரவு ஜெப ஆலயத்தில் விளக்குகளைக் குறைத்து, தரையிலோ தாழ்ந்த பலகையிலோ அமர்ந்து, எரேமியாவின் புலம்பலைச் சோக இராகத்தில் வாசிக்கிறார்கள். அந்தப் புத்தகத்தின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய எழுத்து வரிசைப்படி, 22 எழுத்துக்களையும் முதலாகக் கொண்டு செல்பவை. மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வசனங்கள் வீதம் 66 வசனங்கள் உள்ளன. நம் பிள்ளைகள் அகர வரிசையில் மனப்பாடம் செய்யும் நீதிவாக்கியங்களைப் போன்ற கட்டமைப்பில் ஓர் ஒப்பாரி அமைந்திருப்பது வியப்பாக இருக்கலாம். துக்கத்தின் முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை சொல்லி முடிக்க வேண்டும் என்ற தாபமே அதில் இருப்பதாக நான் வாசிக்கிறேன். ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்கள்தான், ஆனால் எழுத்து வரிசை அங்கே இல்லை. அதன் காரணத்தை நீங்களே யோசித்து எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.

கேள்வி: நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். யூதர்கள் உபவாச நாளில் தோல் செருப்பு அணிய மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தோல் அவர்களுக்குத் தீட்டா?
(வாசகர், ஆம்பூர்)

பதில்: தீட்டு அன்று. தீட்டாக இருந்தால் அவர்கள் உயிரினும் மேலாகக் காக்கும், மோசேயின் நியாயப்பிரமாணமாகிய தோரா சுருளையே எழுத முடியாது. அது சுத்தமான மிருகத்தின் பதப்படுத்திய தோலில்தான் கையால் எழுதப்படுகிறது. ஜெப நேரத்தில் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளும் பட்டைகளும் தோலே.

யோம் கிப்பூரில் விலக்க வேண்டியவை என்று மிஷ்னா ஐந்தைச் சொல்கிறது: உண்பதும் பருகுவதும், குளிப்பது, எண்ணெய் பூசுவது, செருப்பணிவது, தாம்பத்தியம். ஆலயம் எரிந்த நாளுக்கும் இவையே பொருந்தும். செருப்பென்று அங்கே குறிக்கப்படுவது தோல் செருப்பையே என்பது நிலைத்துவிட்ட வழக்கம். துணியாலோ ரப்பராலோ ஆனவற்றை அணிந்து ஜெப ஆலயத்துக்குப் போகிறார்கள். இதன் வேர் வேதத்தில் இருக்கிறது. அப்சலோமுக்குத் தப்பி ஒலிவமலையில் ஏறிய தாவீது, முகத்தை மூடி, வெறுங்காலாய் அழுதுகொண்டே நடந்தான். எசேக்கியேலின் மனைவி மரித்த நாளில், துக்கம் காட்டாதே என்று சொல்ல வந்த கர்த்தர், உன் பாதரட்சைகளைப் பாதங்களில் போட்டுக்கொள் என்றார். அப்படியானால் துக்கவீட்டார் பாதரட்சை இல்லாமல் இருப்பதே அன்றைய வழக்கம் என்று விளங்குகிறது. நல்ல தோல் செருப்பு காலுக்குச் சுகம், நடைக்கு மதிப்பு. அந்தச் சுகத்தையும் மதிப்பையும் ஒரு நாள் வாசலில் கழற்றி வைப்பதுதான் பொருள்.

உங்கள் கேள்வியில் ஒரு வருத்தமும் தொனிப்பதாக எனக்குத் தோன்றியது; ஆகவே இன்னும் ஒரு செய்தி. தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழத் தூரத்துக்கு அப்பால், ஊருக்குக் கிழக்கே மட்டுமே இருக்க வேண்டும் என்று மிஷ்னாவில் ஒரு விதி உண்டு, காரணம் நாற்றம். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் வாழும் நமக்கு அந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் யோப்பா பட்டணத்தில் பேதுரு அநேக நாள் தங்கியிருந்தது, தோல் பதனிடுகிறவனாகிய சீமோனின் வீட்டில்தான். புறஜாதியாரைத் தீட்டுள்ளவர் என்று சொல்லாதே என்ற தரிசனத்தை அவர் கண்டதும் அந்த வீட்டின் மேல்மாடியில்தான். லூக்கா அந்தத் தொழிலின் பெயரை ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப எழுதியிருப்பது தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

கேள்வி: பஸ்காவின் ஏழு நாட்களும் புளித்தமா வீட்டில் காணப்படலாகாது என்று யாத்திராகமத்தில் இருக்கிறது. அப்படியானால் இட்லி மாவை என்ன செய்வது? புளிப்பு என்றால் பாவம் என்று போதிக்கிறார்களே, அதுவும் சரிதானா?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: அடுக்களையிலிருந்து வந்த நல்ல கேள்வி, சகோதரி. யூத நியாயப்படி புளித்தமா என்று விலக்கப்படுவது கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களின் மாவு தண்ணீர் பட்டுப் பொங்குவதைத்தான். அரிசி போன்றவை ஊறி நுரைப்பது அந்தப் புளிப்பு அன்று, வெறும் கெடுதல் என்று தல்மூத் பிரித்துச் சொல்கிறது. எனவே வேத விதியின்படி உங்கள் இட்லி மாவு தப்பிவிடும். ஆனால் ஐரோப்பாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலிருந்து வந்த யூதர் பிற்கால வழக்கமாக அரிசியையும் பயறு வகைகளையும்கூட அந்த வாரம் தவிர்க்கிறார்கள். கீழை நாடுகளிலிருந்து வந்தவர்களில் பலர் சோறு உண்கிறார்கள். புளிப்பில்லா அப்பத்துக்கான மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிடங்களுக்குள் அது அடுப்பில் வெந்தாக வேண்டும். பிசைந்த மாவை ஊற விடாமல் உடனே தேய்த்துச் சுட்ட, எண்ணெயும் உப்பும் இல்லாத வறட்டுச் சப்பாத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு நான் சற்று அழுத்தியே பதில் சொல்ல விரும்புகிறேன். பஸ்காவின் புளிப்பின்மைக்கு வேதம் தானே காரணம் சொல்லியிருக்கிறது: எகிப்திலிருந்து துரத்தப்பட்டபோது தாமதிக்க நேரமில்லை, பிசைந்த மா புளிக்கவில்லை. உபாகமம் 16இல் அதற்குச் 'சிறுமையின் அப்பம்' என்று பெயர். அடிமை அவசரத்தில் தின்ற அப்பம் அது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது பழைய புளித்தமாவைத் துர்க்குணத்துக்கு உவமையாக்கினார். அது அந்த இடத்துக்கு உரிய உவமை. ஆனால் பரலோக ராஜ்யமே புளித்தமாவுக்கு ஒப்பாயிருக்கிறது என்று மத்தேயு 13இல் இயேசு சொன்னார். லேவியராகமம் 23:17இல் வாரங்களின் பண்டிகைக்குப் புளித்த மாவினால் சுட்ட இரண்டு அப்பங்களையே கர்த்தரின் சந்நிதியில் அசைவாட்டக் கட்டளை இருக்கிறது. புளிப்பு எங்கும் பாவமே என்றால் இந்த இரண்டு இடங்களையும் என்ன செய்வது? ஒவ்வொரு பண்டிகைக்கும் வேதம் தன் வாயால் சொல்லும் காரணத்தை முதலில் கேட்க வேண்டும். மற்ற விளக்கங்கள் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

வாரங்களின் பண்டிகையைப் பற்றிக் கேட்டிருந்த மற்றொருவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேதத்தில் அது கோதுமை அறுப்பின் முதற்பலன் நாள். சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் அருளப்பட்ட நாளாக அதைக் கொண்டாடுவது, மூன்றாம் மாதத்தில் இஸ்ரவேலர் சீனாய்க்கு வந்தார்கள் என்ற யாத்திராகம வசனத்தை ஒட்டிப் பிற்காலத்தார் கணித்தது.

கேள்வி: முகர்ரம் பத்தாம் நாள் ஆஷூரா நோன்பும் யூதர்களின் யோம் கிப்பூரும் ஒன்றேயா? இரண்டும் பிறைக் கணக்குத்தானே, பின் ஏன் ஒரே நாளில் வருவதில்லை?
(வாசகர், வாணியம்பாடி)

பதில்: கிறிஸ்தவர் அல்லாத அன்பரிடமிருந்து வந்த இந்தக் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. பெயரில் உறவு உண்டு. ஆஷூரா என்பதும், லேவியராகமம் 23:27இல் அந்த நாளைக் குறிக்கும் எபிரெயச் சொல்லும், பத்து என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை. மதீனாவில் யூதர் நோன்பிருப்பதைக் கண்டு நபிகள் நாயகம் வினவியபோது, மோசே விடுவிக்கப்பட்ட நாள் என்று அவர்கள் சொன்னதாக ஹதீஸ் கூறுவதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் தோராவில் ஏழாம் மாதம் பத்தாந்தேதிக்குச் சொல்லப்பட்ட காரணம் பாவநிவிர்த்தி. எகிப்தின் விடுதலையோ முதலாம் மாதம் பதினாலாந்தேதி இரவோடு சேர்ந்தது, அதற்கு விதிக்கப்பட்டது நோன்பும் அன்று, விருந்து. பொருளால் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது.

நாள் விலகுவதற்குக் காரணம் கணக்கு. பன்னிரண்டு பிறை மாதங்கள் ஏறக்குறைய 354 நாட்கள். இஸ்லாமிய ஆண்டு அத்தோடு முடிவதால் ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகிறது. சித்திரை வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் நீங்கள் நோன்பு வைத்திருப்பீர்கள். யூதர் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை பதின்மூன்றாம் மாதம் ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். நம் பகுதித் தெலுங்குக் குடும்பங்கள் யுகாதிக்குக் கணக்கிடும் அதிக மாதத்தைப் போன்றது அது. பஸ்கா ஆபிப் மாதத்தில், அதாவது வாற்கோதுமை கதிர்விடும் பருவத்தில்தான் வர வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுவதால், பண்டிகையை நிலத்தோடு கட்டிவைக்க அவர்களுக்கு வேறு வழியில்லை.

கேள்வி: முதலாம் மாதம் நிசான் என்றால், யூதர் ஏழாம் மாதத்தில் புத்தாண்டு கொண்டாடுவது ஏன்?
(கல்லூரி மாணவி, அரக்கோணம்)

பதில்: வேதம் அந்த நாளைப் புத்தாண்டு என்று அழைக்கவில்லை, எக்காளச் சத்தத்தால் நினைவுகூரும் ஓய்வுநாள் என்று மட்டும் சொல்கிறது. மிஷ்னா நான்கு புத்தாண்டுகளைக் கணக்கிடுகிறது: ராஜாக்களின் ஆண்டுக்கும் பண்டிகைகளுக்கும் நிசான், கால்நடைத் தசமபாகத்துக்கு எலூல், ஆண்டுக் கணக்குக்கும் நிலத்தின் ஓய்வு வருஷத்துக்கும் திஷ்ரி, மரங்களுக்குச் சேபாத். நமக்கும் சித்திரை, ஜனவரி, கணக்குப் புத்தகத்துக்கு ஏப்ரல், பள்ளிக்கு ஜூன் என்று நான்கு இருக்கின்றனவே.

கேள்வி: எங்கள் கத்தோலிக்க வேதாகமத்தில் மக்கபேயர் நூல்கள் இருக்கின்றன; எதிர்வீட்டுச் சி.எஸ்.ஐ. குடும்பத்தின் வேதாகமத்தில் இல்லை. ஹனுக்கா வேதப் பண்டிகையா, இல்லையா?
(இல்லத்தரசி, ஆற்காடு)

பதில்: கி.மு. 167இல் சீரியாவை ஆண்ட கிரேக்க ராஜாவாகிய நான்காம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான், கி.மு. 164இல் யூதா மக்கபே அதை மீட்டுச் சுத்திகரித்து, கிஸ்லேவ் மாதம் இருபத்தைந்தாந்தேதி தொடங்கி எட்டு நாள் புதுப்பலிபீடத்தைப் பிரதிஷ்டை செய்தார். ஹனுக்கா அந்தப் பிரதிஷ்டையின் நினைவுப் பண்டிகை. இதைச் சொல்வது உங்கள் வேதாகமத்திலுள்ள 1 மக்கபேயர் நான்காம் அதிகாரம். வியப்பு என்னவென்றால், யூதரின் எபிரெய வேதத்திலும் அந்த நூல் இல்லை. அவர்கள் கொண்டாடும் பண்டிகையின் பழைய வரலாற்றைத் திருச்சபைதான் கிரேக்க மொழியில் பாதுகாத்து வைத்திருந்தது. ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதம் மக்கபேயர் நூல்களில் இல்லை, தல்மூத் சொல்வது. எதிர்வீட்டாரிடம் யோவான் 10:22ஐத் திறந்து காட்டுங்கள். மாரிகாலத்தில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நடந்தபோது இயேசு ஆலயத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று அவர்கள் வேதாகமத்திலும் இருக்கிறது.

பூரீம் பண்டிகையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கும் சுருக்கமாக: 'பூர்' என்றால் சீட்டு. ஆமான் யூதரை அழிக்கச் சீட்டுப் போட்டுக் குறித்த நாள் அவர்கள் இளைப்பாறிய நாளாக மாறியது. எபிரெய எஸ்தரில் தேவன் என்ற சொல்லே இல்லை. எளியவர்களுக்குத் தானம் அனுப்ப வேண்டும் என்ற சொல் இருக்கிறது.

கேள்வி: கூடாரப் பண்டிகைக்கு எப்படிப்பட்ட கூடாரம்? நம் கீற்றுப் பந்தல் போன்றதா? அதற்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?
(விவசாயி, வாலாஜாபேட்டை)

பதில்: ஏறத்தாழ அதுவேதான். மேற்கூரை மண்ணில் முளைத்து வெட்டப்பட்ட பொருளால் வேயப்பட வேண்டும். ஓடும் தகரமும் ஆகாது. வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும், ஆனால் இரவில் நட்சத்திரம் தெரியும்படி வேய்வது நல்லது என்பது மரபு. தென்னங்கீற்று மிகப் பொருத்தம். ஏழு நாள் அங்கே உண்டு உறங்க வேண்டும். காரணம் லேவியராகமம் 23:43இல் இருக்கிறது: எகிப்திலிருந்து வந்தபோது அவர்களைக் கூடாரங்களில் குடியிருக்கப் பண்ணினதைச் சந்ததியார் அறிய வேண்டும். களஞ்சியம் நிறைந்த அறுப்புக்கால முடிவில், கல்வீட்டை விட்டுக் கீற்றின்கீழ் போய் உட்காரச் சொல்லும் கட்டளை இது. நிறைவு மிகுந்த வேளையில்தானே வழிநடந்த காலம் மறந்துபோகிறது!

மழையின் சம்பந்தம் உங்களுக்கு எளிதில் விளங்கும். இஸ்ரவேல் தேசத்தின் முன்மாரி, நம் வடகிழக்குப் பருவமழையைப் போலவே, கோடை முழுவதும் வறண்ட நிலத்தின்மேல் ஐப்பசியை ஒட்டி இறங்குகிறது. பாலாற்றின் மணலைப் பார்த்துக்கொண்டு ஐப்பசிக்குக் காத்திருக்கும் நாம் அந்த வேண்டுதலை உள்ளிருந்தே அறிவோம். ஆலயம் இருந்த நாட்களில் பண்டிகையின் ஒவ்வொரு காலையும் சீலோவாம் குளத்திலிருந்து தண்ணீர் மொண்டு பலிபீடத்தில் வார்த்தார்கள். அந்தப் பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு நின்று, ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து பானம்பண்ணக்கடவன் என்று சத்தமிட்டதாக யோவான் 7 சொல்கிறது. தண்ணீரின் பண்டிகையில் சொல்லப்பட்ட சொல் என்று அறிந்தால் அதன் கனம் கூடுகிறது. இன்றும் ஏழு நாளும் முடிந்து எட்டாம் நாளில்தான் மழைக்காக ஜெபிக்கிறார்கள், ஏனெனில் கூடாரத்தில் இருக்கும்போதே மழை வந்தால் உள்ளே இருக்க முடியாது. எஜமானுக்குப் பானம் கலந்து கொண்டுவந்த வேலைக்காரனின் முகத்திலேயே எஜமான் அந்தக் கிண்ணத்தை ஊற்றியதைப் போன்றது அது என்று மிஷ்னா உவமிக்கிறது. மழை தவறிய ஆண்டுகளில் பொது உபவாசம் கூறி, தோரா சுருள்கள் வைத்த பேழையை ஊர்ச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து, தலையில் சாம்பலிட்டு ஜெபித்தார்கள். நண்பகலுக்கு முன் மழை பெய்துவிட்டால் நோன்பை முடித்து, உண்டு குடித்துத் துதி பாடினார்கள்.

கேள்வி: பெரிய வியாழனன்று எங்கள் சபையில் யூத முறைப்படி பஸ்கா விருந்து நடத்த வாலிபர்கள் விரும்புகிறார்கள். அனுமதிக்கலாமா?
(சபை ஊழியர், திருப்பத்தூர்)

பதில்: வாலிபர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆயினும் அப்படியே நடத்த வேண்டாம் என்பது என் கருத்து. இன்று யூத வீடுகளில் நடக்கும் விருந்து முறை பெரும்பாலும் ஆலயம் அழிந்தபின் உருவானது. ஆட்டுக்குட்டியைக் கர்த்தர் தெரிந்துகொண்ட ஸ்தலத்தில் மட்டுமே அடிக்கலாம் என்று உபாகமம் சொல்வதால் அவர்கள் பலியிடுவதில்லை. வறுத்த எலும்பு ஒன்றை நினைவாக வைக்கிறார்கள். இயேசு அந்த இரவில் செய்தது அச்சாக இதுதான் என்று நாம் நடித்துக் காட்டினால் வரலாறு பிசகும். அது மட்டுமல்ல, பெரிய வெள்ளியை ஒட்டிய நாட்களில் ஐரோப்பாவில் யூதர்மேல் பழி சுமத்தித் தாக்கிய காலங்கள் உண்டு. அந்த அச்சத்தோடு அவர்கள் காத்துவந்த மேசையை நாம் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேறொன்று செய்யலாம். யாத்திராகமம் 12:26இல், 'இந்த ஆராதனையின் கருத்து என்ன' என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறது. பண்டிகையே பிள்ளையின் கேள்விக்குப் பதிலாக அமைந்தது. அன்று மாலை அந்த அதிகாரத்தைச் சபையில் முழுமையாக வாசித்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். வாலிபர்கள் வேதத்திலிருந்தே பதில் சொல்லட்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபது வயது, சர்க்கரை வியாதி, இன்சுலின் போடுகிறோம். லெந்தில் நாற்பது நாளும் மாலை வரை சாப்பிடாமல் இருப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். வேதத்தில் வியாதிக்காரருக்கு விலக்கு உண்டா, ஐயா?
(செவிலியர், வேலூர்)

பதில்: உண்டு, மகளே, அதுவும் லெந்தைவிடக் கடுமையான, தோராவே விதித்த யோம் கிப்பூர் நோன்பிலேயே உண்டு. நியாயப்பிரமாணங்களின்படி செய்கிறவன் 'அவைகளால் பிழைப்பான்' என்று லேவியராகமம் 18:5 சொல்கிறது. அவற்றால் பிழைக்க வேண்டும், அவற்றால் சாகக் கூடாது என்று யூத ஆசிரியர்கள் அந்த ஒரு சொல்லிலிருந்து தீர்ப்பெடுத்தார்கள். வியாதிக்காரனுக்கு மருத்துவம் அறிந்தவர் சொற்படி உணவு கொடுக்க வேண்டும், அறிந்தவர் இல்லாவிட்டால் அவன் சொல்லின்படியே, போதும் என்று அவன் சொல்லும் வரை கொடுக்க வேண்டும் என்று மிஷ்னா விதிக்கிறது. வைத்தியர் வேண்டாம் என்று சொல்லியும் நோயாளி எனக்கு வேண்டும் என்றால் நோயாளியின் சொல்லே மேல் என்றும், அதற்கு ஆதாரமாக 'இருதயத்தின் கசப்பு இருதயத்திற்கே தெரியும்' என்ற நீதிமொழி வசனத்தையும் தல்மூத் காட்டுகிறது. நோயாளி வேண்டாம் என்று, வைத்தியர் வேண்டும் என்றால், வைத்தியரின் சொல்லைக் கேட்க வேண்டும். உங்கள் அம்மாவின் நிலை இந்த இரண்டாவது வகை. ஆபத்தில் இருப்பவர் அந்த நாளில் உண்பதுதான் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் என்பது அவர்களின் துணிபு.

அம்மாவிடம் ஏசாயா 58ஐ நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதே எனக்கு உகந்த உபவாசம் என்று அங்கே கர்த்தர் சொல்கிறார். உங்கள் ஊரில் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. வெளிமாநிலங்களிலிருந்து வந்து, நோயாளியைப் படுக்கையில் விட்டுவிட்டு, மருத்துவமனை வாசலில் கையில் காசின்றி நிற்பவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அம்மா தம் வேளைக்கு இன்சுலின் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தாம் சாப்பிடாமல் விட நினைத்த அந்த மதியச் சோற்றை ஒரு பொட்டலமாகக் கட்டி உங்கள் கையில் கொடுத்தனுப்பட்டும்.